சலாதுக்கு வாங்கிய தண்ணீர் முறை

எங்கள் பங்குக் கிணற்றுத் தண்ணீரிலேயே உரம் கரைந்து கிடக்கிறது என்று எனக்கு முதன்முதலிற் சொன்னவர், பக்கத்துத் தோட்டத்துப் பரமேஸ்வரி அக்கா. முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் உரக்கணக்குச் சொல்வதா என்று அன்று எண்ணினேன். அந்த எண்ணத்தால் நேர்ந்த நட்டத்தையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

சலாது, பயிரிடுபவரின் பிழையை மறைத்து வைக்கத் தெரியாத பயிர். வெயில் கூடினால் கசந்து கைக்கும். உரம் கூடினால் அழுகும். நிழல் கூடினால் நீளும். தண்ணீர் தவறினால் உள்ளிலையின் ஓரம் கருகும். கத்தரியும் மிளகாயும் இவ்வளவு கண்டிப்பானவை அல்ல. சந்தையில் லெற்றூஸ் என்று வழங்கும் இந்த இலையை, அச்சுவேலியில் இரண்டு பரப்புச் செம்பாட்டு நிலத்தில் வளர்த்து வருகிறேன். இலைக்கறி வளர்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட அன்பர்கள் வேறும் பலர் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்கு இவை புதியனவாக இரா, ஆறுதலாக இருக்கலாம்.

மார்கழியின் கெட்டித்தனம்

முதல் விதைப்பைக் கார்த்திகை மழை ஓய்ந்ததும் செய்தேன். வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. மாட்டெருவும் தென்னந்தும்புச்சோறும் கலந்து மேட்டுப்பாத்தி கட்டி, கன்றுக்குக் கன்று ஒரு சாண் இடைவெளியை அடிமட்டம் வைத்து அளந்து நட்டேன். நாற்பத்தைந்தாம் நாள் ஒவ்வொரு கன்றும் விரித்த பூப்போல இருந்தது. இலையை ஒடித்தால் சத்தம் கேட்டது. இவ்வளவும் என் அடிமட்டத்தின் பயன் என்றே நம்பினேன்.

ஒரு பெட்டியை நல்லூரில் உள்ள சைவ உணவகம் ஒன்றுக்குக் கொண்டு சென்றேன். அங்கே கொள்வனவைப் பார்ப்பவர் நேசன், நாற்பது வயதிருக்கும். ஓர் இலையைக் காதருகில் வைத்து ஒடித்தார். பிறகு காம்போடு கடித்து நெடுநேரம் மென்றார். அவரது கடைக்கு மலைநாட்டிலிருந்து லொறியில் சலாது வந்துகொண்டிருந்தது. அதில் பாதி வழியிலேயே வாடிவிடும் என்றார். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பச்சை இலை இல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார்கள் என்றும், அந்த இருபத்தைந்து நாளும் தருவதற்கு இங்கே ஒருவரும் இல்லை என்றும் சொன்னார். நான் தருவதாகச் சொன்னேன். திருவிழா வருவது ஆவணியை அண்டிய வெயிலில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக்காற்றுக்குள். அதை நான் யோசித்திருக்க வேண்டும். அவர் யோசித்தார்.

“மார்கழியிலை எல்லாரும் கெட்டிக்காரர்தான், ரீச்சர். சோளகத்திலையும் இப்பிடித் தந்தியளெண்டால் லொறியை நிப்பாட்டிப்போடுவன். ஆனா ஒரு நாள் கைச்சாலும் திரும்ப லொறிதான்.”

கடையல்

மாசியில் இரண்டாம் நடுகை. இலை இன்னும் பெரிதாக வர வேண்டும் என்ற ஆசையில் யூரியா வாங்கி வந்தேன். பாத்திக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான், வேலிக்கு அப்பால் வெங்காயத்துக்குப் புல் பிடுங்கிக்கொண்டிருந்த பரமேஸ்வரி அக்கா நிமிர்ந்து, கிணற்றுத் தண்ணீரிலேயே உரம் இருக்கிறது, வீணாகப் போடாதீர்கள் என்றார். பொதியில் அச்சிட்டிருந்த அளவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மீண்டும் புல்லுக்குக் குனிந்தார்.

இலைகள் பெரிதாகத்தான் வந்தன. கரும்பச்சை, அகலம், பளபளப்பு. தூக்கினால் மட்டும் ஈரத்துணிபோலத் தொங்கின. காலையில் வெட்டி, வெப்பம் புகாத றெஜிபோம் பெட்டியில் அடுக்கி, ஓட்டோவில் அனுப்பினேன். மறுநாள் நேசன் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபமில்லை, அதுவே எனக்கு அதிகம் உறைத்தது.

“ரீச்சர், பெட்டியைத் திறந்தன். இனி உப்பும் தேங்காய்ப்பாலும் விட்டால் சரி, கீரைக் கடையல்.”

இரண்டு பாத்திப் பரீட்சை

ஒருவர் சொன்னதை மறுப்பதானாலும் ஏற்பதானாலும் நிறுவ வேண்டும். ஒரே நாளில் ஒரே அளவான இரண்டு பாத்திகள் நட்டேன். இரண்டுக்கும் யூரியா இல்லை. ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர். மற்றதற்குக் கூரையிலிருந்து பரல் எனும் பீப்பாயில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். மூன்று கிழமையில் மழைத்தண்ணீர்ப் பாத்தி வெளிறி, அடியிலை மஞ்சளாகி நின்றது. கிணற்றுத் தண்ணீர்ப் பாத்தி, வசதியான வீட்டுப் பிள்ளைபோல் நின்றது. போத்தலில் தண்ணீர் எடுத்துப்போய் ஆய்வுகூடத்தில் சோதிப்பித்தபோது, அதில் உரச்சத்தான நைத்திரேற்று கூடுதலாக இருப்பதாகவும், குடிக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் காலங்காலமாகப் போட்ட உரத்தில் பயிர் எடுத்தது போக மிஞ்சியது மண்ணுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்கு வந்திருக்கிறது. அதன்மேல் நான் ஊற்றிய யூரியாவைச் சலாது குடித்து, வேகமாக வளர்ந்து, தண்ணீரால் மட்டும் நிரம்பிய இலையைத் தந்திருக்கிறது.

சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். பிழையை ஒப்புக்கொள்வது ஆசிரியர்களுக்குப் பழக்கமில்லாத வேலை, ஆயினும் ஒப்புக்கொண்டேன். அவர் தாளை வாங்கவில்லை. கையில் மண் இருந்தது.

“கடதாசி என்னத்துக்கு, ரீச்சர்? எங்கடை ஆக்கள் கொட்டினது வேறை எங்கை போயிருக்கும்? கிணத்துக்கைதான்.”

விதைக்குக் குளிர்

சித்திரையில் போட்ட விதை ஒன்றும் முளைக்கவில்லை. மீண்டும் போட்டேன், ஒரு தட்டில் ஏழு முளைத்தன. விதை பழுது என்று கடைக்காரரிடம் வாதாடிவிட்டும் வந்தேன். அவரிடம் பின்னர் போய் வருத்தம் தெரிவித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழுது விதையில் இல்லை. மண் சுடுகிற காலத்தில் சலாது விதை தூங்கிவிடும். எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் எழும்பாது. ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு நாள் வைத்து எடுத்து, மண் மூடாமல் மேலாகத் தூவினால் முளைக்கும். தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் விதைப்பொட்டலத்தை வைத்த அன்று பரமேஸ்வரி அக்கா ஏதோ கேட்க வீட்டுக்கு வந்திருந்தார்.

“நாங்கள் விதை வெங்காயத்தைப் புகைக்கை கட்டித் தூக்கிறம். நீங்கள் விதையைப் பிறிஜ்ஜுக்கை படுக்க வைக்கிறியள். உதுக்கு ஒரு போர்வையும் குடுங்கோவன்.”

கொழும்புத்துறைக் கன்றுகள்

என்னோடு படிப்பித்த செல்வராணி கொழும்புத்துறையில் இருக்கிறார். கடனீரேரிக் காற்று வீட்டுக்குள்ளேயே வரும். அவரும் பூச்சட்டியில் வளர்க்கப் போவதாகச் சொல்லிக் கேட்டபடியால் இருபது கன்றுகள் கொடுத்தேன். ஒரு மாதங் கழித்துப் போய்ப் பார்த்தேன். கன்றுகள் சாகவில்லை; வளரவுமில்லை. இலைகள் உள்ளங்கை அளவில் தடித்து, தோல்போல் இருந்தன. ஓரம் முழுவதும் காய்ந்திருந்தது. அவரது கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. உப்புத் தண்ணீரிலிருந்து வேர் நீரை இழுப்பது கடினம். அருகில் தண்ணீர் இருந்தும் கன்று தாகத்தோடு இருந்திருக்கிறது. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றும்படி சொன்னேன். அவர் ஒரு கன்றைப் பிடுங்கிக் கழுவி என் கையில் தந்தார்.

“நட்டம் ஒண்டும் இல்லை. சொதிக்கு உப்புப் போடத் தேவையில்லை.”

நிழல்

வைகாசியில் சோளகம் எழும்பியதும் வெயிலுக்குப் பயந்து நிழல்வலை போட்டேன். போதாதென்று அதன்மேல் தென்னோலைக் கிடுகும் பரப்பினேன். உள்ளே போனால் எனக்கே குளிர்ந்தது. சலாது வெளிச்சத்தைத் தேடி எழும்பத் தொடங்கியது. வட்டமாக விரிய வேண்டிய கன்று, தண்டு நீண்டு, இலை வெளிறி, சாய்ந்து நின்றது. கிடுகை எடுத்துவிட்டு, வலையை மட்டும் நண்பகலில் இழுத்து மூடி, காலையும் மாலையும் திறந்துவிட்டபோது அடுத்த நடுகை ஒழுங்காயிற்று. அதற்கு முன் ஒரு பெட்டி நல்லூருக்குப் போய்விட்டது. நேசன் அழைத்தார்.

“இதுக்குப் பந்தல் போடவேணுமோ, ரீச்சர்? புடலங்காய் எப்ப காய்க்கும்?”

கேத்தலில் இருந்த சுண்ணாம்பு

திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஏறக்குறைய மூன்று கிழமை இருந்தது. விதையும் உரமும் நிழலும் இப்போது சரி. கன்றுகள் அழகாக நின்றன. உள்ளே விரித்துப் பார்த்தால் குருத்திலைகளின் ஓரம் தேயிலைச் சாயம் பட்டதுபோல் கருகியிருந்தது. கல்சியம் குறைந்தால் இப்படி வரும் என்று, தோட்டத்தைப் பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியை சொன்னார். நான் நம்பவில்லை. எங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லில் வெட்டியது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் சுண்ணாம்பு தடிப்பாகப் படியும். கேத்தலை எடுத்து வந்து அவருக்குக் காட்டினேன்.

அந்தப் பெண் பொறுமையானவர். தண்ணீரில் கல்சியம் இருப்பது வேறு, குருத்திலைக்குப் போய்ச் சேருவது வேறு என்றார். வேரிலிருந்து தண்ணீர் ஓடும்போதுதான் அதுவும் கூடவே ஓடும். எங்கள் கிணற்றுக்கு நான்கு பங்குக் குடும்பங்கள். திங்களும் வியாழனும் பரமேஸ்வரி அக்காவின் முறை. செவ்வாயும் வெள்ளியும் என்னுடையவை. புதனும் சனியும் மற்ற இரு வீட்டாருக்கு. ஞாயிறு கிணறு ஊறுவதற்கு. ஒரு முறை என்பது இரண்டு மணித்தியாலம். ஆகவே என் சலாது இரண்டு நாள் வெள்ளத்திலும் ஐந்து நாள் வறட்சியிலும் வாழ்ந்தது. இடைநாட்களுக்கு என்னிடம் இருந்த இரண்டு பரல்கள் ஒரு நாளுக்கு மேல் தாங்கவில்லை. சலாதுக்குத் தண்ணீர் அதிகமாகத் தேவையில்லை, நாள்தோறும் தேவை என்று சொல்லிவிட்டு, அவர் கேத்தலைத் திருப்பித் தந்தார்.

“கேத்தலுக்குச் சத்துக் குறைவில்லை, ரீச்சர். கன்றைத்தான் பாக்க வேணும்.”

காசுக்குக் கொடுக்காத தண்ணீர்

கணக்கு எளிது. திங்களும் வியாழனும் தண்ணீர் கிடைத்தால், புதனுக்கும் சனிக்கும் பரல் போதும். ஞாயிறு ஒரு நாளைச் சமாளிக்கலாம். பரமேஸ்வரி அக்காவின் வெங்காயம் கிண்டி முடிந்திருந்தது. கத்தரி மட்டும் ஆறு வரிசை நின்றது. ஆறு கிழமைக்கு அவரது முறையை விலைக்குத் தர இயலுமா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் பங்குக் கிணற்று முறையை விற்பதில்லை. வாங்கியவர் முறைக்கு முறை திருப்புவார். அதை மறந்து வாயைத் திறந்தது என் பிழை. மன்னிப்புக் கேட்டேன். முறைக்கு முறை என்றே பேசிக்கொண்டோம்.

அடுத்த நாள் அவர் கத்தரியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு தடவை ஆய்ந்தெடுக்கக் காய்த்திருக்கும் மரங்கள். வயது போன மரம் என்றார். நான் எண்ணிப் பார்த்தேன், பூ இருந்தது.

ஆறு கிழமையில் பன்னிரண்டு முறை. கடைசி முறையில் நாற்பது நிமிடத்தில் மின்சாரம் நின்று, இரவுவரை வரவில்லை. ஆகவே பதினொரு முறையும் நாற்பது நிமிடமும் என்று அப்பியாசக் கொப்பியில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். திருவிழா இருபத்தைந்து நாளும், முழுக்கன்று ஆகும்வரை காத்திராமல் முப்பத்தைந்தாம் நாளிலேயே வெட்டி, வெயில் ஏறுமுன் அனுப்பினேன். கன்று சிறிது, ஆனால் உள்ளோரம் கருகவில்லை, கைக்கவில்லை. கொடியிறக்கத்தன்று நேசன் தோட்டத்துக்கே வந்து பாத்திகளைச் சுற்றி நடந்தார்.

“லொறிக்காரன் என்னோடை கோவம், ரீச்சர். நீங்கள் வரேக்கை அந்தப் பக்கம் பாக்காதேங்கோ.”

மழைக்காலத்து நேர்மை

கடனை வைத்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. மார்கழியில் கிணறு விளிம்பு முட்ட நின்றபோது, இனி என் செவ்வாய் வெள்ளி முறைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பரமேஸ்வரி அக்காவிடம் போய்ச் சொன்னேன். கையோடு கொப்பியும் கொண்டு போயிருந்தேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தட்டுப்பாட்டில் வாங்கிய முறையைத் தட்டுப்பாட்டில்தான் திருப்புவது வழக்கம். பங்குக் கிணற்று வழக்கத்தை இரண்டாந்தடவை எனக்கு உணர்த்த வேண்டியிருந்ததால் பரமேஸ்வரி அக்காவுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், எனக்கு இருந்தது.

“சாப்பிட்டுக் கை கழுவினவனுக்குச் சோறு போடுறியளே, ரீச்சர்?”

அடுத்த சோளகம்

மறு ஆண்டு அவரது நடுகை பிந்தியது. திருவிழாவுக்கு முந்திய கிழமைகளில் அவரது வெங்காயம் குமிழ் திரளும் பருவத்தில் நின்றது. கிணறு முந்திய ஆண்டைவிடக் கீழே இறங்கி, அவரது இரண்டு முறையும் அரைத் தோட்டத்துக்கே போதாமல் இருந்தது. என் வலைக்குள்ளும் சலாது நின்றது. நேசன் இரண்டு மடங்கு கேட்டிருந்தார். பரமேஸ்வரி அக்கா ஒன்றும் கேட்கவில்லை. வெங்காயத் தாள் நுனி மஞ்சளாவதை வேலிக்கு இப்பால் நின்று இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் செவ்வாய். கிணற்று மோட்டர்க் கொட்டில் பூட்டின் திறப்பைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

கிணற்றில் வாளியால் அள்ளிப் பரலில் சேர்த்த தண்ணீரோடு சலாது இரண்டு கிழமை நின்றது. பின்னர் தண்டு எழும்பியது; இலை குறுகியது; ஒடித்தால் பால் வந்தது. கொடியேறி மூன்றாம் நாள் மஞ்சட் பூக்கள் விரிந்தன. நேசனுக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தேன். ஆயினும் அவர் வந்தார். என் பூத்த பாத்திகளையும் வேலிக்கு அப்பால் பச்சையாக நின்ற வெங்காயத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஓர் இலையைப் பிடுங்கிக் கடித்தார். துப்பவில்லை, மரியாதைக்காக விழுங்கினார்.

“இது வீடு வரைக்கும் கைக்கும், ரீச்சர். லொறிக்காரனோடை இண்டைக்கு ராசியாப் போறன். மார்கழிக்கு வாறன்.”

பூத்த கன்றுகள் எல்லாவற்றையும் உடனே பிடுங்கவில்லை. ஐந்து கன்றுகள் மட்டும் மற்றவற்றுக்குப் பத்து நாள் பிந்திப் பூத்தன. அவற்றின் விதையைத் தனியே எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன்; பயன் தருமா என்று இன்னும் தெரியாது.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பதினொரு முறை முடிந்து நாற்பது நிமிடம் மிஞ்சியிருந்தது. கைக்கடிகாரத்தோடு கொட்டில் வாசலில் நின்றேன். பரமேஸ்வரி அக்கா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று பாத்தி மாற்றிக்கொண்டிருந்தார். நாற்பதாவது நிமிடத்தில் சுவிச்சை நிறுத்தினேன். இன்னும் இரண்டு பாத்தி கிடக்கிறதே என்று அங்கிருந்தே கூப்பிட்டார். கணக்கு முடிந்தது என்றேன். முடிந்ததென்றால் சரி என்று மண்வெட்டியைத் தோளில் வைத்தார். அந்த இரண்டு பாத்தியையும் பார்த்துவிட்டு, சுவிச்சை மீண்டும் போட்டேன். அதைக் கொப்பியில் எழுதவில்லை. தண்ணீர் வாய்க்காலில் ஓடிவந்து அவர் காலடியில் திரும்பியது. அவர் மடையைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“தண்ணி சரி. போன வருசம் என்ரை முறைத் தண்ணியோடை உங்கடை சலாதுக்குப் போன யூரியாவை எப்ப தாறியள், ரீச்சர்?”

அந்த உரத்தை அளக்கும் வழியை முப்பத்திரண்டு ஆண்டுக் கணிதத்திலும் நான் காணாததால், அப்பியாசக் கொப்பியில் தீர்ந்தது என்று கோடு கிழித்திருப்பது தண்ணீருக்கு மட்டுமே: பதினொரு முறையும் நாற்பது நிமிடமும்.